கெடு நீட்டிப்பின் இலக்கணமும் கணிதமும்: எண்ணியல் ஆய்வுலக அறிவிப்புகளை முன்வைத்து ஒரு பின்னோக்கிப் பிழை ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

துல்லியமாக விடை காண முடியாத கணக்குகளுக்குப் போதுமான அளவு சரியான விடை காணும் துறைக்கு எண்ணியல் பகுப்பாய்வு என்று பெயர். அத்துறையினருக்காக வெளியாகும் அறிவிப்புகள் பலவகை: மாநாடு, பரிசு, வேலைவாய்ப்பு, புதிய மென்பொருள், சிறப்பிதழ். இவற்றுள் பெரும்பாலானவற்றுக்குப் பொதுவான உறுப்பு கெடு தேதி. அது நகரும் என்பது ஊரறிந்த உண்மை. எந்த விதிப்படி நகர்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. கெடு தவறிய கட்டுரை தாமதமான கட்டுரை அன்று. சற்றே நகர்ந்த வேறொரு கெடுவுக்கு மிகச் சரியாக வந்து சேர்ந்த கட்டுரை என்பதே இவ்வாய்வின் முடிபு. முடிபு முதல் பத்தியிலேயே வந்துவிட்டதால், இன்று நள்ளிரவுக் கெடு உடையோர் இத்துடன் விடைபெறலாம்.

1. ஆய்வுப் பரப்பு

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் 'நியூமரிக்கல் மெத்தட்ஸ்' தாள் எழுதியவர்களுக்கு நியூட்டன்-ராப்சன் முறை நினைவிருக்கும். உத்தேசமாக ஒரு விடையில் தொடங்க வேண்டும். அதைத் திருத்த வேண்டும். திருத்தியதை மறுபடி திருத்த வேண்டும். அடுத்தடுத்த இரண்டு விடைகளுக்கும் வித்தியாசம் தெரியாமல் போனதும் பேனாவை மூடிவிட வேண்டும்.

கெடுவும் இவ்வகையினதே. முதலில் அறிவிக்கப்படும் தேதி உத்தேச விடை. 'ஆய்வாளர்கள் பலர் கேட்டுக்கொண்டதற்கிணங்க' வரும் தேதி முதல் திருத்தம். 'கண்டிப்பாக இறுதி' என்ற அடைமொழியோடு வருவது இரண்டாம் திருத்தம். ஆக, கெடு என்பது ஒற்றைத் தேதியன்று, தேதிகளின் தொடர்வரிசை. அது எங்கேனும் குவிகிறதா என்பதே ஆய்வுக்குரிய கேள்வி. இதற்கான புள்ளிவிவரங்கள் இக்கட்டுரையில் இடம்பெறவில்லை. அவற்றைத் திரட்டுவதற்கான கெடு நீட்டிக்கப்பட்டுள்ளது.

2. அறிவிப்பின் உறுப்பிலக்கணம்

பகுபதத்துக்கு உறுப்பு ஆறு என்று நன்னூல் வகுத்தது. மாநாட்டு அறிவிப்புக்கும் அதே ஆறு போதும்; ஏழாவது தேவைப்படவில்லை.

பகுதி என்பது மாநாட்டின் பெயர். மற்றவை எப்படி மாறினாலும் இது எளிதில் மாறாது. 1961-ல் அல்ஸ்டன் ஹவுஸ்ஹோல்டர் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் கேட்லின்பர்க் என்ற மலையோரச் சிற்றூரில் அணிக் கணக்கீட்டு ஆய்வாளர்களைக் கூட்டினார். பிறகு அந்தக் கூட்டம் ஊர் ஊராக, நாடு நாடாகப் போயிற்று. ஆயினும் நெடுங்காலம் 'கேட்லின்பர்க் கூட்டம்' என்றே அழைக்கப்பட்டது. பின்னர்தான் நிறுவியவர் பெயருக்கு மாறிற்று. ஊர் நகரும், பெயர் நிற்கும் என்பதற்கு இதுவே சான்று.

விகுதி, இடம் காட்டும். அறிவிப்பிலும் கடைசியில் நின்று, எந்த நகரம், எந்தப் பல்கலைக்கழகம் என்று காட்டும்.

சந்தி, இரண்டு மாநாடுகள் அடுத்தடுத்த வாரங்களில் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் அமைவது. ஒரே விமானச் சீட்டில் இரண்டையும் முடிக்கலாம் என்னும் பயன் கருதியது.

சாரியை, தனக்கெனப் பொருளின்றி வருவது. 'ஏரிக்கரையில் அமைந்த எழில்மிகு வளாகம்', 'நடந்து போகும் தூரத்தில் பழைய கோட்டை' என்பன போல்வன.

இடைநிலை, காலம் காட்டும். கெடு தேதி இதுவே. சொல்லில் வரும் இடைநிலை ஒரு காலத்தைத்தான் காட்டும். கெடுவோ முக்காலமும் காட்டும்: நேற்று முடிந்தது, இன்று முடிகிறது, இரண்டு வாரம் கழித்து முடியும்.

எஞ்சியது விகாரம். தோன்றல், திரிதல், கெடுதல் என அது மூவகைப்படும். புதுத் தேதி முளைப்பது தோன்றல். பழைய தேதி வேறொன்றாவது திரிதல். கெடுவே இல்லாமல் போய், 'இடம் நிரம்பும் வரை விண்ணப்பங்கள் ஏற்கப்படும்' என்றாவது கெடுதல். முதுமுனைவர் பணிகளுக்கான அறிவிப்புகளில் இம்மூன்றாவது வகை மிகுதி.

3. நள்ளிரவு என்பது யாருடைய நள்ளிரவு?

மார்ச் 15 நள்ளிரவு கெடு என்றால் எந்த ஊர் நள்ளிரவு என்ற வினா எழும். பன்னாட்டு மாநாடுகள் பல இதற்கொரு விடை வைத்துள்ளன: 'பூமியில் எங்காயினும்'. உலகின் ஏதேனும் ஒரு மூலையில் இன்னும் மார்ச் 15 முடியாமல் இருந்தால், கெடுவும் முடியவில்லை என்று பொருள். அந்த மூலை, உலகப் பொது நேரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் பின்தங்கிய மண்டலம். பசிபிக் பெருங்கடலில் அமெரிக்காவுக்குரிய பேக்கர் தீவும் ஹவ்லண்ட் தீவும் அங்கே உள்ளன. இரண்டிலும் மனிதர் குடியிருப்பு இல்லை. கடற்பறவைகளுக்கான சரணாலயங்கள் அவை.

இந்திய நேரம் உலகப் பொது நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னே நிற்பதால், அத்தீவுகளுக்கும் நமக்கும் பதினேழரை மணி நேர இடைவெளி. எனவே மார்ச் 15 நள்ளிரவுக் கெடு சென்னைக்காரருக்கு 16-ஆம் தேதி மாலை ஐந்தரை மணிக்கு முடிகிறது. நீட்டிப்பு எதுவும் அறிவிக்கப்படாமலே ஒரு முழுப் பகல் கூடுதலாகக் கிடைத்துவிடுகிறது. உலகெங்குமுள்ள அறிஞர்கள் தம் பணிகளை, யாரும் வசிக்காத, எந்தப் பறவையும் கட்டுரை எழுதாத இரண்டு தீவுகளின் கடிகாரத்தைப் பார்த்து முடிக்கிறார்கள் என்பது இத்துறையின் பொதுநோக்குக்குச் சான்று.

4. முழுதாக்கும் விதி

கணினியால் எல்லா எண்களையும் முழுமையாக வைத்துக்கொள்ள முடியாது. 0.1 என்ற எளிய எண்கூட இரும முறையில் முடிவில்லாப் பின்னமாகி, எங்கோ ஓரிடத்தில் வெட்டுப்பட வேண்டியிருக்கிறது. எப்படி வெட்டுவது என்பதில் ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு வழக்கம் வைத்திருந்த காலத்தில், எண்ணியல் ஆய்வாளர் வில்லியம் கஹானின் முனைப்பில் 1985-ல் ஐஇஇஇ 754 என்ற தரநிலை வந்தது. 1989-ல் கஹானுக்கு டூரிங் விருது கிடைத்தது. அத்தரநிலை நான்கு வழிகளை வகுத்தது: அருகிலுள்ள எண்ணுக்கு, சுழியை நோக்கி, கீழ்நோக்கி, மேல்நோக்கி.

இந்நான்கையும் வகுத்துக் கொடுத்த சமூகம், தன் கெடுக்களுக்கு நான்காவதை மட்டுமே கைக்கொள்கிறது. கெடு முன்னுக்கு நகர்ந்தது என்று அறிவிப்பு வெளியிட்டுவிட்டு அடுத்த மாநாட்டுக்குத் தலைகாட்டக்கூடிய அமைப்பாளர் இல்லை.

ஒரே திசையில் முழுதாக்குவது ஆபத்தானது என்பதற்கு வான்கூவர் பங்குச் சந்தை பழைய உதாரணம். அங்கே 1982-ல் புதிய குறியீட்டெண் 1,000 என்ற மதிப்பில் தொடங்கியது. ஒவ்வொரு பரிவர்த்தனைக்குப் பிறகும் மூன்று தசம இலக்கத்துக்கு மேற்பட்டதை முழுதாக்காமல் வெட்டி எறிந்தார்கள். ஒவ்வொரு முறையும் போனது தூசளவுதான். ஆனால் எப்போதும் கீழ்நோக்கியே போனது. இரண்டு ஆண்டு நிறையுமுன் குறியீட்டெண் ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. 1983 நவம்பரில் சரியாகக் கணக்கிட்டுப் பார்த்தபோது உண்மை மதிப்பு ஆயிரத்தைத் தாண்டி நின்றது.

இதை அறிந்தவர்கள்தாம் ஆண்டுதோறும் கெடுவை மேல்நோக்கி மட்டும் முழுதாக்குகிறார்கள். பிழை சேர்ந்து சேர்ந்து மாநாடே அடுத்த ஆண்டுக்குப் போய்விடாதா என்று கேட்கலாம். போவதில்லை. ஏன் என்பதை ஏழாம் பிரிவில் காண்க.

5. முதன்மைத் தேற்றம்

1943-ல் ஹெரால்ட் ஹோட்டலிங் என்ற புள்ளியியலாளர் ஓர் அச்சத்தைக் கிளப்பினார். பள்ளியில் நாம் செய்த நீக்கல் முறைப்படி நேரியல் சமன்பாடுகளைத் தீர்த்தால், சமன்பாடு ஒன்று கூடக்கூடப் பிழை நான்கு மடங்காகப் பெருகலாம் என்றார். அந்தக் கணக்குப்படி 18 சமன்பாடுகளுக்குப் பத்து இலக்கங்கள் பறிபோக வேண்டும். போர் முடிந்த 1946-ல் இங்கிலாந்தின் டெடிங்டனில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்துக்கு 18 சமன்பாடுகள் கொண்ட கணக்கு ஒன்று வந்து சேர்ந்தது. ஜேம்ஸ் வில்கின்சனும் ஆலன் டூரிங்கும் அப்போது அங்கே இருந்தார்கள். மேசைக் கணிப்பொறியில் கையால் தீர்த்து, விடையைச் சமன்பாடுகளில் திரும்பப் பொருத்திப் பார்த்தார்கள். வியப்புறும் அளவுக்குப் பொருந்திற்று.

இதிலிருந்து வில்கின்சன் கேள்வியையே திருப்பிப் போட்டார். விடை எவ்வளவு தவறு என்று கேட்காதே. இந்த விடை எந்தக் கணக்குக்கு மிகச் சரியான விடை என்று கேள். கொடுத்த கணக்குக்கு மிக அருகிலுள்ள ஒரு கணக்குக்கு அது சரியான விடையானால், அந்த முறை நம்பத்தக்கது. ஏனெனில் கொடுத்த கணக்கின் எண்களே அளந்து எடுத்தவை. அவற்றிலேயே பிழை உண்டு. இதற்குப் பின்னோக்கிப் பிழைப் பகுப்பாய்வு என்று பெயர். வில்கின்சனுக்கு 1970-ல் டூரிங் விருது கிடைத்தது.

இனித் தேற்றம். மார்ச் 15 கெடுவுக்கு மார்ச் 22 அன்று வந்த கட்டுரையை எடுத்துக்கொள்வோம். முன்னோக்கிப் பார்த்தால் ஏழு நாள் தாமதம். பின்னோக்கிப் பார்த்தால், மார்ச் 22 என்ற கெடுவுக்குத் தாமதமே இல்லை. மார்ச் 15 என்ற தேதி எங்கிருந்து வந்தது? குழுக் கூட்டத்தில் ஒருவர் 'மார்ச் நடுவில் வைக்கலாமா?' என்றார், மற்றவர்கள் தலையாட்டினார்கள். மூலத் தரவிலேயே ஒரு வாரப் பிழை இருக்கையில், விடையில் ஒரு வாரப் பிழை குற்றமாகாது. தேற்றம் நிறுவப்பட்டது.

துணைத் தேற்றம்: நீட்டிப்பு அறிவிப்பு என்பது சலுகை அன்று. வந்துசேர்ந்த விடைகளுக்குப் பொருத்தமான கணக்கைப் பின்னர் வெளியிடும் முறை.

6. தேற்றம் செல்லாத இடங்களும் எதிர்ச்சான்றுகளும்

டூரிங் 1948-ல் ஒரு கருத்தை முன்வைத்தார். கணக்கைச் சற்றே அசைத்தால் விடை எவ்வளவு ஆடும் என்பதை அளக்க ஓர் எண் வேண்டும். நிலைமை எண் என்று அதைச் சொல்லலாம். மாநாட்டுச் சுருக்கம் நல்ல நிலைமையுடையது. ஒரு வாரம் அசைந்தாலும் உலகம் ஆடாது. நிதிநல்கை விண்ணப்பம் கெட்ட நிலைமையுடையது. ஒரு நிமிடம் அசைந்தால் மூன்றாண்டுச் சம்பளம் போய்விடும். இரண்டையும் ஒரே மனநிலையில் அணுகும் இளம் ஆய்வாளர் தேற்றத்தைப் படித்தவர், அதன் நிபந்தனையைப் படிக்காதவர்.

வேகம் போதாமையே தாமதத்துக்குக் காரணம் என்பர் சிலர். இது பொருந்தாது. உலகின் அதிவேகக் கணினிகளைத் தரவரிசைப்படுத்தும் டாப்500 பட்டியல் 1993 முதல் ஆண்டுக்கு இருமுறை வெளியாகிறது. மாபெரும் நேரியல் சமன்பாட்டுத் தொகுப்பைத் தீர்க்கும் வேகமே அதன் அளவுகோல். முதல் பட்டியலில் முதலிடம் பெற்ற, லாஸ் அலமோஸ் ஆய்வகத்தின் கணினி நொடிக்குச் சுமார் 6,000 கோடி கணக்குகள் போட்டது. 2022-ல் முதலிடம் பெற்ற ஃப்ரான்டியர் அதைப்போல் ஒரு கோடியே எண்பது லட்சம் மடங்குக்கு மேல் வேகமானது. கட்டுரைகள் இன்றும் கடைசி இரவில்தான் வருகின்றன. கணினி வேகத்துக்கும் கெடு பேணலுக்கும் தொடர்பில்லை என்க.

இச்சமூகத்துக்குத் துல்லியம் கைவராது என்பதும் பொருந்தாது. 2002-ன் தொடக்கத்தில், பயன்பாட்டுக் கணிதச் சங்கமான சியாமின் செய்தி இதழில் ஆக்ஸ்ஃபோர்டின் நிக் டிரெஃபெதன் பத்துக் கணக்குகளை வெளியிட்டார். ஒவ்வொன்றின் விடையும் ஓர் எண். ஒவ்வோர் எண்ணிலும் பத்து இலக்கம் சரியாக வேண்டும். சரியான இலக்கத்துக்கு ஒரு மதிப்பெண். சிறந்த பதிலுக்கு நூறு டாலர். ஐம்பது இலக்கம் கிடைத்தாலே வியப்பேன் என்று அவர் சொல்லியிருந்தார். 25 நாடுகளிலிருந்து 94 குழுக்கள் விடையனுப்பின. 20 குழுக்கள் நூற்றுக்கு நூறு. பரிசுக்கு ஒரு நூறு டாலர்தான் இருந்தது. வில்லியம் பிரவுனிங் என்ற கொடையாளர் முன்வந்ததால் இருபது குழுக்களுக்கும் தலா நூறு கிடைத்தது. இங்கே மேல்நோக்கி முழுதாக்கப்பட்டது கெடு அன்று, பரிசுத்தொகை.

காலண்டரே நீட்டிப்புக்கு உட்பட்டது என்பதையும் கருதுக. பூமி சூரியனைச் சுற்றச் சுமார் 365.2422 நாள் எடுக்க, நாம் 365 என்று வெட்டுகிறோம். சேர்ந்த பிழைக்கு நான்காண்டுக்கு ஒருமுறை பிப்ரவரிக்கு ஒருநாள் நீட்டிப்பு வழங்குகிறோம். அந்த நீட்டிப்பு நாளில், 1932 பிப்ரவரி 29 அன்று, பிறந்தவர் ஜீன் கோலப். அணிகளின் ஒருமை மதிப்புச் சிதைவைக் (எஸ்விடி) கணினியில் கணக்கிடும் முறையை வகுத்தவர்களுள் ஒருவர். தம் கார் எண்பலகையிலும் அச்சிதைவின் சுருக்கப் பெயரைத் தாங்கியவர். 2007 நவம்பரில் மறைந்தார். மறு ஆண்டு பிப்ரவரி 29 அன்று, அவருக்குப் பத்தொன்பதாவது பிறந்தநாளாக அமைந்திருக்க வேண்டிய நாளில், பல நாடுகளில் ஆய்வாளர்கள் கூடினார்கள். நான்காண்டில் ஒருமுறை வரும் அத்தேதியை யாரும் நீட்டிக்கக் கோரவில்லை.

7. நிறுத்த நிபந்தனை

கெடுத் தொடர் எங்கே குவிகிறது என்ற முதற்கேள்விக்கு இனி விடை கூறலாம். 'மார்ச் 15, கூட்டல் கழித்தல் பதினான்கு நாள்' என்று பிழை வரம்போடு அறிவிப்பதே நேர்மை என்று தோன்றும். ஆனால் கழித்தலை எவரும் படிக்க மாட்டார்கள்; எல்லோருக்கும் கெடு மார்ச் 29 ஆகிவிடும்; பிறகு அதற்கும் பதினான்கு நாள் கோருவார்கள். உண்மைக் கெடு அறிவிக்கப்பட்ட மறுகணமே உண்மைக் கெடுவாக இராது. எனவே அறிவிப்புக்குள் அதற்கு விடையில்லை.

எந்த எண்ணியல் முறையும் பிழை ஒழிந்ததால் நிற்பதில்லை. இதற்குமேல் திருத்துவது கட்டுப்படியாகாது என்றானதும் நிற்கிறது. மாநாட்டில் அந்த வரம்பை வகுப்பவர் நிகழ்ச்சித் தலைவரோ மதிப்பீட்டாளரோ அல்லர். மதிப்பீட்டாளரும் தம் கெடுவுக்கு நீட்டிப்பு வாங்கியவரே. மதிய உணவுக்கு எத்தனை பேர் என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை போனை வைக்க மறுக்கும் சமையல் ஒப்பந்தக்காரர்தான் அவர். அவருக்கு எண் சொல்ல வேண்டிய நாளே கெடுத் தொடரின் எல்லை மதிப்பு. அவரிடம் மட்டும் நீட்டிப்பு கேட்டவர் எவருமில்லை. கேட்டால் சாப்பாடு இல்லை.