உருக்காத உருக்காலை

எங்கள் தாத்தா சேலத்தில் குகை என்கிற பகுதியில் தறி போட்டிருந்தார். தெருவில் எந்த ஊர்வலம் போனாலும் தறியை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்துவிடுவார். எந்தக் கட்சி என்று பார்க்க அல்ல, தலையை எண்ண. "அம்பது பேருக்குக் கொறைஞ்சா அது போராட்டமில்லடா, பொண்ணு பாக்கப் போறவங்க" என்பது அவர் வைத்திருந்த கணக்கு.

சேலத்துக்கு இரும்பாலை கேட்டு நடந்த கூத்துகளில் பெரும்பாலானவற்றை அவர் இப்படி எண்ணியே கழித்தார். ஊர் கேட்டது பேராசை இல்லை. பக்கத்திலேயே கஞ்சமலை, வயிறு முழுக்க இரும்புத் தாது. காலாங்கி சித்தர் அங்கே உட்கார்ந்து இரும்பைப் பொன்னாக்கினார் என்று கதை உண்டு. 1830களில் ஹீத் என்கிற வெள்ளைக்காரர் சேலம் ஜில்லாத் தாதுவை நம்பிப் பரங்கிப்பேட்டையில் உலை மூட்டினார். கம்பெனி நொடித்துப் போனது. சித்தருக்குப் பலித்தது துரைக்குப் பலிக்கவில்லை.

சுதந்திரம் வந்தபிறகு டெல்லியைக் கேட்டோம். தாது இருக்கிறது, உருக்க நல்ல கரி வேண்டுமே என்றார்கள். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி இருக்கிறதே என்றோம். ஆராய்கிறோம் என்றார்கள். கல்யாணத் தரகர் 'ஜாதகத்தைப் பார்த்துட்டுச் சொல்றோம்' என்றால் என்ன அர்த்தமோ, அதே அர்த்தம்.

1967இல் அண்ணா முதல்வரானார். ஜூலையில் 'எழுச்சி நாள்' என்று அறிவித்து, சேலம் இரும்பாலை உள்ளிட்ட திட்டங்களைக் கேட்டு ஆளுங்கட்சியே தெருவில் இறங்கியது. தாத்தாவுக்குக் குழப்பம். "கவருமெண்டே கொடி புடிச்சுக்கிட்டுப் போனா, மனுவ யாருகிட்டக் குடுக்கறது?" தட்டுவடை செட் விற்றவருக்கு அந்தக் குழப்பமெல்லாம் இல்லை. கோஷம் போட்ட தொண்டைக்கும் வேடிக்கை பார்த்த வாய்க்கும் காரச் சட்னி ஒன்றுதான்.

ஒருவழியாக 1970 செப்டம்பர் 16 அன்று இந்திரா காந்தி வந்து அடிக்கல் நாட்டினார். பிறகு கல் அங்கேயே இருந்தது. சேலத்தில் அடிக்கலுக்குப் பஞ்சமில்லை, அடுத்த கல்லுக்குத்தான் பஞ்சம் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். அந்த வருஷம் பிறந்த பிள்ளை பெரிய பள்ளிக்கூடம் போன பிறகுதான், 1981இல், உற்பத்தி தொடங்கியது.

இங்கேதான் கதையின் ருசியே இருக்கிறது. ஆலைக்குப் பெயர் உருக்காலை. ஆனால் அங்கே எதையும் உருக்கவில்லை. வெளியிலிருந்து வந்த எஃகுச் சுருளை உருட்டி மெலிதாக்கி, பளபளவென்று எவர்சில்வர் தகடாக அனுப்பினார்கள். கஞ்சமலைத் தாது கஞ்சமலையிலேயே தூங்கியது. சொந்தமாக உருக்கும் உலை வந்தது 2010இல். அதிலும் கஞ்சமலைக்கு வேலை இல்லை. இரும்பு கேட்டுத் தொண்டை கிழியக் கத்திய ஊருக்கு டம்ளர் செய்யும் தகடு கிடைத்தது. "உருக்காலையில என்னதான் உருகுச்சு தாத்தா?" என்று ஒருமுறை கேட்டேன். "நாங்கதான்" என்றார். நிலத்தைக் கொடுத்துவிட்டு வேலைக்கு அலைந்தவர்களைக் கேட்டால் அதையே சிரிக்காமல் சொல்வார்கள்.

குறை மட்டும் சொல்வது நியாயமில்லை. தகடு தரமானது. 'சேலம் ஸ்டெயின்லெஸ்' என்றால் இந்தியா முழுக்க மரியாதை. நாணயம் அடிக்கும் வில்லைகளும் இங்கேயிருந்து போயின. ஊர்வலத்துக்குப் போன தாத்தாவின் சிநேகிதர் ஒருவர், பேத்தி கல்யாணத்துக்கு எவர்சில்வர் அண்டா வாங்கிவிட்டு, "எம் பங்கு வந்திருச்சு" என்று அதைத் தட்டித் தட்டிக் காட்டினாராம்.

2019இல் மத்திய அரசு ஆலையை விற்க டெண்டர் விட்டது. மறுபடியும் கொடி, பந்தல், கோஷம். கொடு என்று கேட்ட ஊர் இப்போது விற்காதே என்று கேட்டது. தாத்தா அப்போது இல்லை. நான் வாசலில் நின்று எண்ணினேன். அம்பதுக்கு மேலேயே இருந்தார்கள்.

உங்கள் வீட்டில் பழைய எவர்சில்வர் குடம் இருந்தால் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். சீர் கொடுத்த மாமன் பேரும் தேதியும் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். எழுச்சி நாள் பற்றி ஒரு புள்ளிகூட இருக்காது.