கூரை சரியாத ஜிஞ்சர்பிரட் வீடு

கேள்வி: கிறிஸ்துமஸுக்கு வீட்டிலேயே ஜிஞ்சர்பிரட் வீடு செய்கிறேன். கூரை வைத்ததுமே சுவர் சாய்ந்துவிடுகிறதே, ஏன்?

பதில்: சுவர் இறுகும் முன் கூரை போட எந்தக் கொத்தனாரும் சம்மதிக்க மாட்டார், நீங்களும் அவசரப்படாதீர்கள்!

மாவில் பேக்கிங் சோடாவைத் தவிருங்கள். மாவு உப்பிவிட்டால் விளிம்பு வளைந்துவிடும். வெந்ததும் சூட்டோடு அளவு அட்டையை வைத்து விளிம்புகளை நேராக வெட்டுங்கள். ஆறிய பின் வெட்டினால் உடையும். ஒட்டுவதற்கு வெண்ணெய் கிரீம் உதவாது, அது இறுகாது. முட்டை வெள்ளைக்கருவும் ஐசிங் சர்க்கரையும் சேர்த்து அடித்த ராயல் ஐசிங்தான் சிமென்ட். கரண்டியைத் தூக்கினால் அது ஒழுகாமல் நிற்க வேண்டும்.

நான்கு சுவர்களையும் நிறுத்தி, உள் மூலைகளிலும் ஐசிங் பூசி, டம்ளர்களை முட்டுக் கொடுங்கள். சில மணி நேரம், முடிந்தால் ஓர் இரவு காயட்டும். பிறகு கூரை. அதுவும் இறுகிய பிறகே மிட்டாய் அலங்காரம்.

1812-இல் ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் வெளியிட்ட ஹான்சல், கிரெட்டல் கதையில் சூனியக்காரியின் வீட்டுக்கு ரொட்டிச் சுவர், கேக் கூரை, சர்க்கரை ஜன்னல். அதைக் குழந்தைகள் பிய்த்துத் தின்றார்கள். உங்கள் வீட்டையும் பிள்ளைகள்தான் இடிக்க வேண்டும், கூரை அல்ல. பொறுமையாகக் கட்டுங்கள், நிற்கும்.