ஷொக் மாத்தப் போற பேராண்டிக்கு

பேராண்டி, கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போயி யமஹா ஆர்15 ஒண்ணோட முன் ஷொக் ரெண்டையும் கிளாம்போட சேத்து வாங்கிட்டு வந்திருக்கியாம். தங்கக் கலராம். லயத்து வாசல்ல வச்சுத் துடைச்சுக்கிட்டே இருக்கியாம், தொட்டுப் பாத்த சின்னப்பிள்ளைக்கு ஏச்சு விழுந்துச்சாம். கேக்கவே சந்தோஷமா இருக்கு. 2024இல நாள் சம்பளம் 1350 ஆனதுக்கு அப்புறம் உங்கம்மா மழையில நனைஞ்சு உழைச்ச நாள்ல எத்தனை நாள் அந்தத் தங்கத்துக்குள்ள போயிருக்குன்னு நான் கேக்க மாட்டேன். அது குடும்ப விசயம்.

நான் கேக்கிறது வேற. அதை எதுல மாட்டப்போற? புல்லட்ல. அதுவும் நீயும் உன் கூட்டாளிகளும் சேந்து இரும்புக் கார்டு, அகல டேங்கு, பக்கத்துக்கு ஒரு பெட்டின்னு ஏத்தி, ‘கஸ்டம்’னு பேரும் வச்ச புல்லட்ல.

உன்னை முழுசாக் குத்தம் சொல்லவும் முடியல. 2020 மார்ச்சுல இருந்து 2025 பெப்ரவரி வரைக்கும் புது வாகனம் நாட்டுக்குள்ள பெருசா வரல. வாரத்துக்கு நாலு லீற்றர் பெற்றோலுக்குக் கியூஆர் காட்டி வரிசையில நின்ன காலத்துல, இருக்கிற வண்டியத்தான் எல்லாரும் உருமாத்திக்கிட்டு இருந்தாங்க. சும்மா இருந்த கை, ஸ்பானரப் புடிச்சிருச்சு. தேயிலை ஸ்டோர்ல பிட்டரா இருந்த எனக்கு அந்த அரிப்பு நல்லாத் தெரியும்.

ஆனா ஒண்ணக் கவனிச்சியா? நீ வாங்கினது யூஎஸ்டி, அதாவது தலைகீழ் ஷொக்கு. அதுல பருத்த குழாய் மேல இருக்கு, மெலிஞ்சது கீழ இருக்கு. அதான் பாக்க அவ்வளவு கனமாத் தெரியுது. உள்ள ஓடுற குழாய் எவ்வளவு தெரியுமா? 37 மில்லிமீட்டர். உன் புல்லட்டோட பழைய குழாய் 35. ரெண்டு மில்லிமீட்டர் கூடுதலுக்காகக் கொழும்புக்கு பஸ் ஏறிப் போயிட்டு வந்த ஆளு இந்தத் தோட்டத்துலயே நீ ஒருத்தன்தான்.

சரி, குழாய விடு, உள்ள இருக்கிற ஸ்பிரிங்குக்கு வருவோம். ஆர்15 பெற்றோலோட 142 கிலோ. புல்லட் 190 சொச்சம். உன் இரும்புக்கடைய நான் இன்னும் நிறுக்கவே இல்ல, அதுக்குள்ளயே வித்தியாசம் ஏறக்குறைய 50 கிலோ, அதாவது ஒரு பசளை மூட்டை. யமஹாக்காரன் அந்த ஸ்பிரிங்கத் தேர்ந்தெடுத்தப்ப ஹட்டன்ல ஒருத்தன் முழு மூட்டையத் தூக்கி மேல வைப்பான்னு நெனைச்சிருக்கவே மாட்டான்.

கணக்குக்கு ஒண்ணு சொல்றேன். ரெண்டு ஸ்பிரிங்கும் சேந்து ஒரு மில்லிமீட்டர் அமுங்க ஒன்றரை கிலோ வேணும்னு வை. கூடின 50 கிலோவுல பாதி முன்பக்கம் வந்தா 25. அதை ஒன்றரையால வகுத்துப் பாரு, 16 மில்லிமீட்டருக்கு மேல சும்மா நிக்கிறப்பவே கூடுதலா அமுங்கிரும். நீ இன்னும் ஏறி உக்காரல, பின்னால யாரும் ஏறல, பிரேக்கையும் தொடல. ஷொக்கோட மொத்த ஓட்டம் 130 மில்லிமீட்டர்னா, ஆளோட நிக்கிறப்ப 35, 40க்குள்ள இறங்கி நிக்கணும். மிச்சம் பள்ளத்துக்கும் பிரேக்குக்கும். அந்த மிச்சத்த முன்கூட்டியே தின்னுட்டா, குழியில விழுறப்ப இரும்போட இரும்பு முட்டும். அந்தச் சத்தம் உனக்குக் கேக்கும், முதுகெலும்புக்கு அதுக்கு முன்னாலயே கேட்டிருக்கும்.

மேல இருக்கிற நட்டத் திருகி இறுக்கினா ஸ்பிரிங் கடினமாயிரும்னு உன் கூட்டாளி சொன்னானாம். அவன்கிட்ட தேத்தண்ணி வாங்கிக் குடி, யோசனை வாங்காத. அது ஸ்பிரிங்க அழுத்துற நட்டாவே இருந்தாலும், திருகினா வண்டி கொஞ்சம் மேல எழும்பும், அவ்வளவுதான். மில்லிமீட்டருக்கு ஒன்றரை கிலோங்கிற குணம் மாறாது. மாறணும்னா தடிச்ச ஸ்பிரிங் போடணும். இல்லாட்டி இருக்கிறதுல சுருள் சிலத வெட்டி, குறைஞ்ச நீளத்துக்குக் குழாய்த்துண்டு வைக்கணும். வெட்டினா கடினம் கூடும்கிறது மெய்தான். ஆனா கண்ணாலயே அளந்து வெட்டினா, முழுசா அமுங்கறதுக்கு முன்னாலயே சுருளோட சுருள் முட்டி நின்னுரும்.

மஹகஸ்தோட்டயில ஏப்ரல் சீசனுக்கு மலையேற்ற ஓட்டம் நடக்குதே, 1934இல தொடங்கினது, அங்க பாத்துட்டு வந்துதான் உனக்கு இந்த ஆசை பிடிச்சிச்சாம். அது ஏத்தம்டா. ஏறுறப்ப பாரமெல்லாம் பின்சக்கரத்துக்குப் போயிரும், முன் ஷொக்குக்குப் பாதி நாள் லீவு. நீ வேலைக்குப் போறது வட்டவளை, கினிகத்தேனைன்னு இறக்கமாத்தான். இறக்கத்துல பிரேக் பிடிச்சா வண்டி, நீ, பெட்டி, பெட்டிக்குள்ள இருக்கிற சாமான் எல்லாம் முன்னுக்கு வந்து அந்த ரெண்டு குழாய் மேல உக்காரும். அதுல மூடுபனியும், ஈர இலையும், லொறி சிந்திட்டுப் போன மணலும் சேரும். 2023 ஜனவரியில நானுஓயா ரதெல்ல இறக்கத்துல பஸ் வந்து மோதி ஏழு பேர் போனாங்க. அந்த இடத்துல நான் பகிடி விடமாட்டேன்.

அடுத்தது சக்கரம். புல்லட்டுக்கு 19 இஞ்சி, ஆர்15க்கு 17. ஆர்15 சக்கரத்தையே மாட்டினா, டயரோட சேத்து அளந்தா அச்சு ஏறக்குறைய 26 மில்லிமீட்டர் கீழ வரும். ஸ்பிரிங் அமுங்கின 16ஐயும் கூட்டு. முன்பக்கம் 25 மில்லிமீட்டர் இறங்கினா ஹேண்டில் கழுத்தோட சாய்வு ஒரு டிகிரி நிமிரும், அப்ப இதுக்கு ஒன்றரைக்கு மேல. கழுத்து வழியா ஒரு கோடு இழுத்தா, டயர் தொடுற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால நிலத்துல விழும். அந்த இடைவெளிதான் சக்கரத்த நேரா ஓட வைக்குது. அது சுருங்கினா ஹேண்டில் லேசாகும், ஒரு கல்லுக்கு ரெண்டு தரம் தலையாட்டும். கிளாம்போட முன்தள்ளலும் வேற அளவு. அது இந்த இடைவெளியக் கூட்டுதா குறைக்குதான்னு அளந்துதான் சொல்லலாம். டெவன் அருவிக்கு முன்னால நிப்பாட்டிப் படம் எடுக்கிறப்ப இதெல்லாம் தெரியாது. நிக்கிற வண்டி எல்லாமே நல்ல வண்டிதான்.

இப்பத்தான் எனக்குப் பயம் பிடிச்ச இடம் வருது. ஆர்15 கிளாம்போட தண்டு புல்லட் கழுத்துக்குள்ள சும்மா போயி உக்காராது. நீளம் வேற, பேரிங் அளவும் வேற. அதுக்கு நீ வெல்டிங் பாஸ்கிட்டப் பேசி வச்சிருக்கியாம். தண்டு இரும்பு, கிளாம்பு அலுமினியம்னா, ரெண்டும் வெல்டிங்ல ஒட்டாது. ஒட்டின மாதிரி நடிக்கும், ரொசல்ல தாண்டினதும் நடிப்ப விட்டுரும். முறையாச் செய்யணும்னா பழைய தண்ட அழுத்தி எடுத்து, லேத்துல புதுத் தண்டு கடைஞ்சு, அழுத்தியே ஏத்தணும். இல்லன்னா உள்வளையம் ஆர்15 தண்டுக்கும், வெளிவளையம் பழைய கழுத்துக்கும் பொருந்துற டேப்பர் பேரிங்கத் தேடணும். அப்படி ஒண்ணு அமைஞ்சா உனக்கு யோகம். திரும்புற எல்லைக்கு முட்டுக்கட்டையும் வைக்கணும், மறந்தா முதல் யூவளைவுலயே உன் தங்கக் குழாய் டேங்குல முத்தம் குடுக்கும். பிரேக் கலிப்பருக்கு அதோட மாஸ்டர் சிலிண்டரையே போடணும். பழையதோட கோத்தா ஒண்ணு லீவர் கல்லா நிக்கும், இல்லாட்டி கைப்பிடி வரைக்கும் வந்துரும்.

யூஎஸ்டியில சீல் கீழ இருக்கு, சேறு தெறிக்கிற உயரத்துல. சீல் போனா ஒயில் கீழ வடிஞ்சு பிரேக் பக்கம் இறங்கும். பழைய புல்லட் ஷொக்குக்கு ரப்பர் உறை மாட்டினா உனக்குக் கேவலமா இருக்கு. நம்ம தோட்டத்து ரோட்டுக்கு அந்தக் கேவலம்தான் பொருத்தம்.

‘அமெரிக்காவுல ஹார்லிக்குச் சுசுகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர் முன்பக்கம் போடுறாங்களே’ன்னு போன்ல காட்டினியாம். போடுறாங்கதான். அதுல ஒழுங்காச் செய்யிறவன் முதல்ல ஸ்பிரிங்க மாத்துறான், அதைப் படத்துல காட்ட மாட்டான். அவ்வளவு தூரம் ஏன் போற? திருவொற்றியூர்ல 1956இல இருந்து புல்லட் செஞ்ச கம்பெனியே யூஎஸ்டிக்கு 2022 வரைக்கும் பொறுத்துச்சு. சூப்பர் மீட்டியர் 650இலதான் முதல்ல போட்டாங்க. வண்டி 241 கிலோ. குழாய் 43 மில்லிமீட்டர், ஷோவாக்காரன் செஞ்சு குடுத்தது. வேற மெல்லிசு வண்டியில இருந்து கழட்டி மாட்டல.

2025இல இருந்து பொலிஸும் கண்டபடி மாத்தின வண்டிகள நிப்பாட்டிப் பாக்குது. உன் தங்கக் கலரு தூரத்துலயே தெரியும்.

என் தீர்ப்பு இது: ஆர்15 ஷொக்க வாங்கின விலைக்கே தள்ளிரு. அந்தக் காசுல புல்லட்டோட பழைய ஷொக்குக்குப் புது சீல், புது ஒயில், உன் பாரத்துக்கு ஏத்த ஸ்பிரிங், ரப்பர் உறை எல்லாம் போட்டு மிச்சமும் வரும், அதை அம்மாகிட்டக் குடு. மாட்டியே தீருவேன்னு நின்னா, ஞாயித்துக்கிழமை வண்டியக் கொண்டு வா. குழாய்ல கட்டி எவ்வளவு அமுங்குதுன்னு பாக்க கேபிள் டை ரெண்டு, அளவு டேப்பு ஒண்ணு, நீ ஏறி உக்கார வண்டியப் பிடிக்க ஒரு ஆளு வேணும். வெல்டிங் பாஸ மட்டும் கூட்டிட்டு வராத.