அந்தலூசியாவை ஒரே பகலில் அள்ளிவருவது எப்படி?

முதலில் கையைக் கொடுங்கள். ஸ்பெயினின் தெற்குக் கோடிவரை டிக்கெட் எடுத்துவிட்டீர்கள். அந்தலூசியாவில் எட்டு மாகாணங்கள். உங்கள் சுற்றுலாக்காரர் அதற்கு ஒதுக்கியிருப்பது ஒரு பகல். செவில் நகரில் காலை பத்துக்கு இறக்கிவிட்டு மாலை ஆறுக்கு பஸ்ஸில் ஏற்றிக்கொள்வார். தாராளம். அந்த ஊர்க்காரர்கள் செய்வதெல்லாம் நாள்பிடிக்கிற காரியம். பன்றித் தொடையை வருஷக்கணக்கில் தொங்கவிடுவார்கள், ஒயினைப் பீப்பாய்க்குப் பீப்பாய் மாற்றுவார்கள், சால்வைக் குஞ்சத்துக்கு உட்கார்ந்து முடிச்சுப் போடுவார்கள். அது அவர்கள் பாடு. காத்திருக்காமல் அள்ளுவது உங்கள் பாடு. பாதிப் பயிற்சி உங்களுக்கு ஏற்கெனவே கைவந்தது. மீதியைச் சொல்கிறேன்.

1. பன்னிரண்டு மணிக்குச் சாப்பிட உட்காருங்கள்.

உள்ளூர்க்காரர்கள் மதியச் சாப்பாட்டுக்கு இரண்டரை, மூன்றுக்குத்தான் வருவார்கள். பன்னிரண்டுக்கு முழுச் சாப்பாடு போடும் கடையை எப்படிக் கண்டுபிடிப்பது? சுலபம். வாசலில் வண்ணப்படம் போட்ட மெனு, அதில் வரிசையாக நாட்டுக்கொடிகள். உள்ளே போய் பயேயா கேளுங்கள். அது வலென்சியாக்காரர்களின் சோறு. அதனால் என்ன, உறைபெட்டியில் எல்லா ஊரும் ஒன்றுதான். குடிக்க சங்ரியா, ஜாடி நிறைய. பக்கத்துச் சந்தில் உள்ளூர்க்காரர்கள் சிவப்பு ஒயினில் சோடாவைக் கலந்து ‘தின்தோ தெ வெரானோ’ என்று பாதி விலைக்குக் குடித்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் பக்கம் திரும்பாதீர்கள்.

2. கஸ்பாச்சோ வந்ததும் தொட்டுப் பாருங்கள். “சூப் ஆறிப்போச்சு” என்று திருப்பி அனுப்புங்கள்.

கோடையில் செவிலிலும் கோர்தோபாவிலும் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அந்த வெயிலுக்காகவே வேகவைக்காத தக்காளியும் வெள்ளரிக்காயும் குடைமிளகாயும் பூண்டும் பழைய ரொட்டியும் ஆலிவ் எண்ணெயும் வினிகரும் சேர்த்து அரைத்துக் குளிரவைக்கிறார்கள். அதையெல்லாம் யோசிக்க வேண்டாம். சூடாக்கிக் கேளுங்கள், கொஞ்சம் மிளகுத்தூளும் கேளுங்கள். தக்காளி அமெரிக்காவிலிருந்து வந்தது, கொலம்பஸ் 1492இல் இதே அந்தலூசியாவின் பாலோஸ் துறையிலிருந்து கப்பல் ஏறியதற்குப் பிறகு. அதற்கு முன்பும் இங்கே ரொட்டி, பூண்டு, எண்ணெய் போட்டு இடித்த கூழ் இருந்தது. பாதாம் சேர்த்து இடித்த அதன் வெள்ளைத் தங்கை மலாகாவில் ‘அஹோபிளாங்கோ’ என்ற பெயரில் திராட்சை மிதக்க இன்றும் வருகிறாள். நீங்கள் கேட்க வேண்டியது சிவப்பைத்தான். போட்டோவில் அதுதான் எடுபடும்.

சைவர்களுக்குத் தனிக் குறிப்பு: கோர்தோபாவின் கெட்டியான சல்மொரேஹோவைக் கேட்டு, “இறைச்சி வேண்டாம்” என்று மட்டும் சொல்லுங்கள். மேலே அவித்த முட்டையும், ஹமோன் என்கிற உலர்த்திய பன்றித் தொடையைப் பொடியாக நறுக்கியதும் தூவி வரும். ஹமோனை இறைச்சி என்று பரிமாறுபவர் நினைப்பதில்லை. அவர் பொய் சொல்லவில்லை.

3. ஹமோன் வாங்கும்போது சீட்டின் நிறத்தைப் பார்க்காதீர்கள்.

2014 முதல் ஐபீரியப் பன்றித் தொடைக்கு நான்கு நிறச் சீட்டு கட்டுகிறார்கள். கறுப்பு என்றால் முழு ஐபீரிய இனம், ஓக் மரத்தடியில் கொட்டிய விதை தின்று கொழுத்தது. சிவப்பு என்றால் விதை தின்றதுதான், ஆனால் கலப்பினம். பச்சை, வெளியில் மேய்ந்து தீவனமும் தின்றது. வெள்ளை, கொட்டிலில் தீவனம் மட்டும். இவ்வளவையும் மனப்பாடம் செய்ய உங்களுக்கு ஏது நேரம்? தொங்குவதில் எது பெரிசோ அதைக் காட்டுங்கள்.

வெல்வா மாகாணத்து மலையூரான ஹபூகோவில் உப்பில் புதைத்து, கழுவி, மலைக்காற்றில் தொங்கவிட்டு, பிறகு நிலவறையில் இறக்கிவைத்த தொடை அது. நல்லதுக்கு மூன்று வருஷமும் அதற்கு மேலும் ஆகும். வெட்டுபவர் நீளமான மெல்லிய கத்தியால், அடியில் கத்தி தெரிகிற அளவுக்கு இழைத்து எடுப்பார். ஒரு துண்டை விரலில் வைத்தால் உடம்புச் சூட்டிலேயே கொழுப்பு பளபளவென்று இளகும். அவர் எதிரே நின்று கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுங்கள். “மெஷின்ல போடுங்க” என்று சைகை செய்யுங்கள். அறைக்கு எடுத்துப்போய் ஃபிரிட்ஜில் விறைக்கவைத்து, காலையில் முட்டையோடு பொரியுங்கள். மூன்று வருஷ வேலையை மூன்று நிமிஷத்தில் முடித்த பெருமை உங்களுக்கே.

4. ஆலிவ் எண்ணெய் தொண்டையில் காறினால் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டுங்கள்.

ஹேன் மாகாணத்தில் மட்டும் ஆறு கோடிக்கு மேல் ஆலிவ் மரங்கள். பிக்குவால் என்ற இனத்தின் புது எண்ணெய் கசந்து, கடைசியில் தொண்டையைப் பிடித்து ஒரு இருமல் இருமவைக்கும். புதுசு என்பதற்கு அதுதான் அடையாளம். நம் வீட்டில் ஆலிவ் எண்ணெய் என்பது மெடிக்கல் ஷாப்பில் சின்ன டப்பாவில் வாங்கிக் குழந்தைக்குத் தேய்த்தது. அது காறவே இல்லையே! ஆகவே காறாததாக, நிறம் வெளுத்ததாக, உள்ளே தெரிகிற கண்ணாடி பாட்டிலில் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். வீட்டில் ஜன்னல் வெயிலும் அடுப்புச் சூடும் சேர்ந்து படுகிற இடத்தில் வையுங்கள். விருந்தாளிக்குக் காட்ட இரண்டு வருஷம் தாங்க வேண்டும்.

5. ஹெரெஸ் ஊர் ஒயினைத் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டு ஷோகேஸில் வையுங்கள்.

அடுக்கிய பீப்பாய்களில் கீழ்வரிசையிலிருந்து கொஞ்சம் எடுப்பார்கள். குறைந்ததை மேல்வரிசை நிரப்பும். எந்தப் பீப்பாயும் முழுசாகக் காலியாவதில்லை. இப்படி வருவதில் ‘ஃபீனோ’ மிக மென்மையானது, திறந்தால் சில நாளில் குளிரக் குளிரக் குடித்து முடிக்க வேண்டும். நீங்கள் பேத்தி கல்யாணம்வரை வையுங்கள்.

6. ஆற்றைத் தாண்டாதீர்கள்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் திரியானா, மட்பாண்டக்காரர்களின் பேட்டை. அங்கே டைல்ஸ் மேல் எண்ணெய்ப்பசையும் மாங்கனீசும் கலந்த கருங்கோடு இழுத்து, கோட்டுக்கு இப்பக்கம் நீலம், அப்பக்கம் மஞ்சள் என்று ஊற்றிச் சூளையில் வைப்பார்கள். பசைக்கோடு வரப்பு மாதிரி நின்று வண்ணங்களைக் கலக்கவிடாது. சுட்டெடுத்ததை விரலால் தடவினால் வண்ணம் மேடாகவும் கோடு பள்ளமாகவும் தட்டுப்படும். 1929 கண்காட்சிக்காகக் கட்டிய பிளாசா தெ எஸ்பாஞ்ஞாவில் மாகாணங்களின் பெயரில் டைல்ஸ் பதித்த 48 இருக்கைகள் இருக்கின்றன. அங்கே போய் ஒன்றின் மேல் செருப்புக் காலோடு ஏறி நின்று படம் எடுங்கள். பிறகு பேராலயத்தின் பின்தெருவில் அதே டைல்ஸின் படத்தை அச்சடித்த ஃபிரிட்ஜ் காந்தத்தைப் பன்னிரண்டாக வாங்குங்கள். தடவிப் பார்க்காதீர்கள்.

7. கிரனாடாவின் தரசேயாப் பெட்டியை மேலே மட்டும் பாருங்கள்.

வால்நட் மரம், எலும்பு, சிப்பி, சாயமேற்றிய மரக்குச்சிகள். இவற்றை நட்சத்திரம் தெரியும்படி கட்டாக ஒட்டி, வாழைத்தண்டை வில்லை போடுவதுபோல மெல்லிசாக அறுத்து, பெட்டியின் மேல் பதிப்பார்கள். முஸ்லிம் அரசர்கள் அலம்ப்ரா அரண்மனையில் இருந்த காலத்திலிருந்து வருகிற வேலை. பின்தெருக் கடையில் கிடைப்பது அதே நட்சத்திரத்தைத் தாளில் அச்சிட்டு ஒட்டியது. மூலையில் நகத்தால் கீறினால் தாள் உரியும். நகம் வெட்டிவிட்டுப் போங்கள்.

8. கித்தாரை மினுமினுப்பு பார்த்து வாங்கி, சுவரில் ஆணியடித்து மாட்டுங்கள்.

அல்மேரியாவில் 1817இல் பிறந்து செவிலில் பட்டறை வைத்த அந்தோனியோ தெ தோரஸ்தான் இன்றைய கித்தாரின் உருவத்தை வகுத்தவர். ஒலி பிறப்பது மேல்பலகையில்தான் என்று காட்ட, 1862இல் முதுகும் விலாவும் காகித அட்டையால் ஆன கித்தார் ஒன்றைச் செய்தார். கடைக்காரர் மேல்பலகை, சைப்ரஸ் மரம் என்று ஆரம்பித்தால் இந்தக் கதையைச் சொல்லி, “தோரஸே அட்டையில் செய்தார், நீங்கள் மரத்துக்குக் காசு கேட்கிறீர்களா?” என்று மடக்குங்கள்.

9. மணிலா சால்வைக்குப் பேரம் பேசுங்கள்.

பட்டில் பூவேலை செய்த இது மணிலாவிலும் பிறக்கவில்லை, செவிலிலும் பிறக்கவில்லை. சீனாவில் தைத்தது, மணிலா துறைமுகம் வழியாகக் கப்பலில் வந்ததால் அந்தப் பெயர். முழ நீளக் குஞ்சத்தை முடிச்சு முடிச்சாகக் கையால் பின்னிச் சேர்த்தது இந்த ஊர்ப் பெண்கள். நீங்கள் எடுப்பது பாலியெஸ்டரில் அச்சடித்த பூ. உடன் வந்தவர் யாராவது “இது சைனா சரக்கு” என்றால், “அசலே சைனாதான்” என்று சொல்லி வாயை அடையுங்கள். பயிற்சியாளனான எனக்கே பதில் தெரியாத இடம் இது.

10. பொதிஹோவுக்கு வார்னிஷ் அடியுங்கள்.

கோர்தோபா பக்கம் லா ரம்ப்ளாவில் வனைகிற இரட்டைவாய் மண்கூஜா. நீர் கசிந்து, ஆவியாகி, உள்ளே குளிரும். மண்பானை வைத்திருந்த வீட்டாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதனால்தான் சொல்கிறேன், மெருகு பூசி டிவி பக்கத்தில் வையுங்கள். பிளாஸ்டிக் பூ செருகவும் வசதி.

11. கன்னிமாடத்து இனிப்பு வாங்க மறக்காதீர்கள்.

சான் லெயான்த்ரோ மடத்துக் கன்னியர் முட்டை மஞ்சளும் சர்க்கரையும் சேர்த்துச் செய்கிற ‘யெமா’ செவிலில் பேர்பெற்றது. உலகத்தார் கண்ணில் படாமல் வாழ்கிற துறவியர் அவர்கள். சுவரில் மரத்தாலான சுழல்பெட்டி ஒன்று இருக்கும். மணியை அடித்தால் உள்ளேயிருந்து ஒரு குரல் மாதாவின் பெயரைச் சொல்லி வாழ்த்தும். வேண்டியதைச் சொல்லி, காசைப் பெட்டியில் வைத்தால், அது முனகிக்கொண்டே சுழன்று உள்ளே போய், இனிப்போடு திரும்பும். முகம் தெரியாது, கைகூடத் தெரியாது. நீங்கள் தலையைப் பெட்டிக்குள் விட்டு ஃபிளாஷ் போட்டுப் படம் எடுங்கள். “கார்டு ஸ்வைப் உண்டா?” என்று கத்துங்கள். “சாம்பிள் ஒண்ணு” என்று கேளுங்கள்.

ஒரே ஒரு சங்கடம். மடமும் சரி, திரியானாவின் பட்டறைகளும் சரி, மதியம் இரண்டு மணி வாக்கில் பூட்டினால் ஐந்து, ஐந்தரைக்குத்தான் திறக்கும். உங்கள் பஸ் ஆறுக்கு. அரை மணி நேரம் இருக்கிறது, ஓடுங்கள்.