வாய்க்கால் ஏறாத மேடு

எங்கள் பக்கம், வீட்டு வாசலில் மோட்டார் வண்டி நிற்கிற ஆள் சைக்கிள் மிதித்துப் போனால் ஊர் இரண்டே காரணம்தான் சொல்லும். ஒன்று கடன், இன்னொன்று சர்க்கரை. "இல்லீங்க, சும்மா ஊரைச் சுத்திப் பாக்கறதுக்கு" என்றால், "எந்த ஊரைங்க?" என்பார்கள். "இந்த ஊரைத்தான்" என்று சொல்லிப் பாருங்கள். கடன் கொஞ்சமில்லை, பெரிய கடன் என்று அவர்களே முடிவுகட்டி, வருத்தத்தோடு தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

பாண்டமங்கலத்தில் நான் சைக்கிளில் போனதைப் பார்த்த ஒரு சொந்தக்காரர், நான் வீடு வந்து சேர்வதற்குள் என் மனைவிக்குப் போன் போட்டுவிட்டார். "ஏனம்மா, வண்டியைக் குடுத்துட்டாரா? ஏலச்சீட்டு ஏதாச்சும் கவுந்துபோச்சா? எங்ககிட்டச் சொல்லக் கூடாதா?" வண்டி வாசலில்தான் நிற்கிறது என்று மனைவி சொல்லியும் அவருக்குச் சமாதானம் ஆகவில்லை. "அப்படின்னா சுகரா?" என்று கேட்டுவிட்டுத்தான் வைத்தார்.

இத்தனைக்கும் காரணம் கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் என் அக்கா மகன். அவன் சைக்கிளை ஒரு மதம் போல அனுசரிக்கிற கூட்டத்தைச் சேர்ந்தவன். 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் மிதித்து முடித்தால் ஒரு சான்றிதழ் தருவார்கள். அதற்குப் பெயர் பிரெவே. அந்தக் கூட்டத்துக்குப் பெரிய திருவிழா பிரான்சில் நடக்கிறது. பாரிசிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்ப 1,200 கிலோமீட்டர்; 90 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். கூலி கிடையாது; நாம்தான் பணம் கட்ட வேண்டும். இந்த வேலைக்கு ஊரில் ஆள் பிடிக்க முடியாது என்பதால்தான் படித்தவர்களைப் பிடிக்கிறார்கள் போலிருக்கிறது.

அவன் புது சைக்கிள் வாங்கியதும் பழைய கியர் சைக்கிளை என் தலையில் கட்டினான். கூடவே வாட்ஸப்பில் ஒரு பட்டியலும் வந்தது. கடலுக்கு ஈ.சி.ஆர்., ஏரிக்கு ஏற்காடு, மலைக்கு வால்பாறை. "மாமா, நல்ல ரூட்டுன்னா கடலும் ஏரியும் மலையும் இருக்கோணும்."

"நாமக்கல் மாவட்டத்துல கடல் இல்லை, மாப்ளே."

"அதுக்குத்தான் மாமா வெளிய வாங்கங்கறேன்."

வெளியே போகாமலே அவன் பட்டியலை நிரப்புவது என்று நான் தீர்மானித்தது அன்றுதான்.

முதலில் கடற்கரை. ஞாயிற்றுக்கிழமை ஜேடர்பாளையம் தடுப்பணைக்கு வந்து பாருங்கள். மணல் இருக்கிறது. இடுப்பளவு தண்ணீரில் நின்று கூச்சல் போடும் கூட்டம் இருக்கிறது. பலூன்காரர் இருக்கிறார், பக்கத்தில் பூங்கா இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, மசாலா தடவிய மீன் எண்ணெயில் விழும் சத்தம் இருக்கிறது. சேலம், ஈரோடு, நாமக்கல் வண்டிகளெல்லாம் வரிசையாக நிற்கும். மெரினாவில் இருப்பதில் இங்கே இல்லாதது உப்பு ஒன்றுதான். அதையும் மீன்காரம்மா ஈடுகட்டிவிடுகிறார். தவிரவும், பூம்புகாரில் கடலில் கலக்கிற காவிரி எங்கள் ஊரைத் தாண்டித்தானே போக வேண்டும்? கடலுக்குப் போகிற தண்ணீரை முன்கூட்டியே பார்த்துவிடுகிறோம், அவ்வளவுதான்.

அடுத்தது ஏரி. ஆற்றோரமாக மேலே போனால் சோழசிராமணி. அங்கே காவிரிக்குக் குறுக்கே மின்சாரம் எடுக்கிற கதவணை நிற்கிறது, 30 மெகாவாட். எதிர்க்கரை ஈரோடு மாவட்டத்துப் பாசூர். மேட்டூருக்குக் கீழே காவிரியில் இப்படிப் பல கதவணைகளைக் கட்டி, ஒரே தண்ணீரைத் திரும்பத் திரும்ப வேலை வாங்குகிறார்கள். கதவுகள் மூடியிருக்கும்போது மேல்பக்கம் ஆறு என்றே தெரியாது. கரையிலிருந்து கரைவரை அசையாத தண்ணீர், ஓரத்தில் நீர்க்காகம், நடுவில் பரிசல். ஏற்காட்டு ஏரியைவிடப் பெரிதாகவே தெரியும். படகுச் சீட்டுக்கு வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

மலைக்கும் குறைவில்லை. பக்கத்திலேயே கபிலர்மலை. சைக்கிளை அடிவாரத்தில் சாத்திவிட்டு முருகனைப் பார்த்துவிட்டு வரலாம். அதெல்லாம் மலையில் சேர்த்தியா என்று மாப்பிள்ளை சிரித்ததால் கொல்லிமலையைக் காட்ட வேண்டியதாயிற்று. பிரான்சில் ஆல்ப் துவேஸ் என்று ஒரு மலைப்பாதை. 1952-இல் டூர் டி பிரான்ஸ் பந்தயம் முதல்முறையாக அங்கே ஏறியது. இத்தாலிக்காரர் ஃபாஸ்டோ கோப்பி ஜெயித்தார். அங்கே மொத்தம் 21 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, ஜெயித்தவர்கள் பேரையும் எழுதிப் பலகை நட்டிருக்கிறார்கள். உலகத்துச் சைக்கிள்காரர்கள் அங்கே போய் விழுந்து கும்பிடாத குறைதான். காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறுகிற பாதையில் 70 வளைவுகள்! மாப்பிள்ளை மிதித்து ஏறினான். நான் காரில் பின்னாலேயே போய் வாழைப்பழம் வழங்கும் இலாகாவைக் கவனித்துக்கொண்டேன். பாதி வளைவு தாண்டியதும் அவன் பேசுவதை நிறுத்தினான். கடைசி வளைவில் அவன் சொன்ன ஒரே வார்த்தை, "பழம்."

ஆனால் என் கட்சி மலை இல்லை. இந்தச் சமவெளியில் சைக்கிள்காரனுக்கென்றே வெட்டிவைத்த மாதிரி ஒரு வழி இருக்கிறது. அதை வெட்டியவர்கள் சைக்கிளைக் கண்ணால் பார்த்ததில்லை.

ஜேடர்பாளையத்தில் காவிரியிலிருந்து பிரிகிறது ராஜவாய்க்கால். பரமத்தியை ஆண்ட அல்லாள இளைய நாயகர் வெட்டியது. ஊரில் அவருக்குச் சிலை இருக்கிறது. அணை ஆற்று மட்டத்தைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும். அங்கிருந்து வாய்க்கால் தன் பாட்டுக்குக் கடைமடை வரை போய்ச் சேர வேண்டும். அந்தக் காலத்தில் மோட்டார் ஏது? அதனால் சரிவு கண்ணுக்கே தெரியாத அளவில், எங்கேயும் விட்டுப்போகாமல் இருக்க வேண்டும். நடுவில் மேடு வந்தால் வாய்க்கால் முட்டிக்கொண்டு நிற்காது, வளைந்து போய்விடும். வெங்கரை, பாண்டமங்கலம், பொத்தனூர், பரமத்தி வேலூர் என்று அந்தத் தண்ணீரின் போக்கிலேயே சைக்கிளை விட்டால் முழங்கால் ஒரு வார்த்தை பேசாது. இருபுறமும் வாழை, வெற்றிலைக் கொடிக்கால், கரும்பு, தென்னை. தண்ணீர் எந்த மேட்டில் ஏறவில்லையோ அந்த மேட்டில் நான் ஏன் ஏற வேண்டும்?

மேடு இல்லையே தவிர, இந்த வழியில் மனிதர்கள் இருக்கிறார்கள். ஈ.சி.ஆரில் யாரும் உங்களைக் கவனிப்பதில்லை. இங்கே கவனிக்காமல் விடுவதில்லை. தலையில் ஹெல்மெட் பார்த்ததும், "ஏனுங்ணா, சைக்கிளுக்கும் போலீஸ் புடிக்கறாங்களா?" என்று ஒரு குரல். பஞ்சு வைத்துத் தைத்த கால்சட்டையைப் பார்த்துவிட்டு, "ஆபரேசன் எப்பங்க ஆச்சு?" என்று இன்னொரு குரல். உச்சம் அந்த டி.வி.எஸ். எக்ஸெல்காரர். இரண்டு பக்கமும் புல்லுக்கட்டு, நடுவில் அவர். என் பக்கத்தில் வந்து வேகத்தைக் குறைத்து, என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. வலது காலை நீட்டி என் சைக்கிளின் பின்பக்கத்தில் வைத்து, ஆக்சிலேட்டரைத் திருகினார். பெட்ரோல் தீர்ந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ப்பார்களே, அந்தக் கணக்கு. நான் "வேண்டாங்ணா, வேண்டாங்ணா" என்று கத்த, "இருக்கட்டும், வேலூர் வரைக்குந்தான் போறேன்" என்று காது கேட்காத கருணையோடு தள்ளினார். அன்றைக்கு என் சராசரி வேகத்தைப் போனில் பார்த்த மாப்பிள்ளை, "மாமா, சூப்பர்!" என்று கட்டை விரல் அனுப்பினான். நான் மறுக்கவில்லை.

ஜேடர்பாளையம், பிலிக்கல்பாளையம் வட்டாரம் வெல்லத்துக்குப் பேர்போனது. பிலிக்கல்பாளையம் ஏலச்சந்தையில் வெல்லம் 30 கிலோ சிப்பமாகத்தான் விலை போகும். வழிநெடுக ஆலைக்கொட்டகைகள், சாலையோரம் காயப்போட்ட கரும்புச் சக்கை. ஒரு கொட்டகையில் சைக்கிளை நிறுத்தினேன். கொப்பரையில் கருப்பஞ்சாறு நுரைத்துக் கொதிக்கிறது. ஒருவர் நீளக் கரண்டியால் மேலே வரும் அழுக்கை வழித்து வழித்து எடுக்கிறார். இன்னொருவர் அடுப்புக்குச் சக்கையைத் தள்ளிக்கொண்டே இருக்கிறார்; கரும்பைக் காய்ச்சக் கரும்பே விறகு. குமிழி சின்னதாகி, சத்தம் மாறி, பாகு இறுகும் நேரத்தில் ஒரு கரும்புத் துண்டை அதில் முக்கிக் கையில் கொடுத்தார்கள். நெடுந்தூரம் மிதிப்பவர்கள் வழியில் பிழிந்து விழுங்கும் ஜெல் பாக்கெட்டுகளை மாப்பிள்ளை நிறையக் கொடுத்திருந்தான். சட்டைப்பையில் அவை இருப்பதையே நான் வெளியே சொல்லவில்லை. "சுகரா?" என்று போனில் விசாரித்த உறவினர் மட்டும் என்னை அந்த நேரத்தில் பார்த்திருந்தால் வழக்கு முடிந்திருக்கும்.

வேலூருக்குப் போவது சுகம், திரும்புவதுதான் கதை. ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேல்காற்று புகுந்து இந்தச் சமவெளியைத் துடைத்தெடுக்கும். போகும்போது ஆறும் காற்றும் நம் கட்சி. வரும்போது இரண்டும் கட்சி மாறிவிடும். அந்த நேரத்தில் கைகொடுப்பது கரும்பு டிராக்டர். பந்தயக்காரர்கள் ஒருவர் முதுகை ஒருவர் ஒட்டி ஓட்டுவது காற்றை மறைக்கத்தான்; முன்னால் போகிறவன் காற்றைக் கிழித்தால் பின்னால் வருகிறவனுக்குக் கால்வாசிக்கு மேல் பலம் மிச்சம். முன்னால் போவது ஒரு டிரெய்லர் கரும்பு என்றால் கேட்க வேண்டுமா? டிராக்டர் மெதுவாகப் போகும், நான் அதன் நிழலில் போவேன். எனக்கு முன்பே அந்த இடத்தைப் பிடித்திருந்தவர்கள் அரசாங்கம் கொடுத்த விலையில்லா சைக்கிளில் வந்த பிளஸ் ஒன் பையன்கள். காற்றுக்காக இல்லை, கரும்புக்காக. ஒரு கையில் ஹேண்டில், மறு கையால் கட்டிலிருந்து ஒரு கழியை உருவும் அந்தத் திறமைக்குப் பிரெவேயில் சான்றிதழ் கிடையாது.

வருகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. பல கியர் சைக்கிள்களின் டியூப் வால்வு ஒல்லி; இங்குள்ள பஞ்சர் கடைக் காற்றுக்குழாயின் வாய் லாரிக்கும் பைக்குக்கும் அளவானது. கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என்னங்க, ஊசிமாதிரி இருக்குது? டாக்டர்கிட்டத்தான் போகோணும்" என்பார். சைக்கிள் கடையில் கிடைக்கும் சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது வழக்கம். ஆகவே மார்கழியும் தையின் முன்பாதியும் நல்ல காலம்: ஆற்றில் தண்ணீர் இருக்கும், எதிரே காற்று இருக்காது. வெயில் ஏறுவதற்கு முன் வேலூர் போய்ச் சேர்ந்துவிடுங்கள். யாராவது காலை நீட்டினால் பேசாமல் ஹேண்டிலை நேராகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர்கார அண்ணன்மாருக்கு ஒரு வேண்டுகோள். பின்னால் தொங்குகிற கரும்பு, டிரெய்லரில் இருக்கிற விளக்கையும் மறைத்துவிடுகிறது. இருட்டில் அது தெரிவதற்குள் நாங்கள் அதில் இருப்போம். கரும்புக் கட்டின் மேலேயே ஒரு சிவப்பு ஒளிர்பட்டையைக் கட்டிவிடுங்கள். நிழலுக்கு நாங்கள் தருகிற வாடகை என்று அந்தப் பட்டையை வாங்கித் தரவும் நான் தயார்.