ரிங் போயிருச்சு!

பைக்கில் இன்ஜின் ஆயில் குறைகிறது என்று டீக்கடையில் வாய்தவறிச் சொல்லிவிட்டால் போதும், அவர் வந்துவிடுவார். எந்த ஊர் டீக்கடையிலும் ஒருவர் இருக்கிறார். கையில் ஸ்பேனர் இருக்காது, நகத்தில் கரி இருக்காது, சொந்தமாக வண்டி உண்டா என்பதே சந்தேகம். ஆனால் கிளாஸைக் கீழே வைப்பதற்குள் தீர்ப்பு வந்துவிடும்: "பிஸ்டன் ரிங் போயிருச்சு தம்பி. இன்ஜினை இறக்கிர வேண்டியதுதான்."

வண்டியை இன்னும் பார்க்கவில்லையே என்றால் முகம் சுருங்கும். "பார்த்துத்தான் சொல்லணும்னா மெக்கானிக் போதுமே, நான் எதுக்கு?"

மரியாதைக்கு ஒரு தடவை எழுந்து வருவார். சைட் ஸ்டாண்டில் இடப்பக்கம் சாய்ந்து நிற்கிற ஸ்பிளெண்டரின் வலப்பக்கத்தில் ஆயில் அளவு பார்க்கிற ஸ்டிக்கை உருவி, "பாரு, நுனியிலகூட ஒட்டலை" என்பார். வண்டி சாய்ந்தால் ஆயிலும் அந்தப் பக்கம்தானே போகும்? சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜினைக் கொஞ்சம் ஓடவிட்டு அணைத்து, ஆயில் கீழே இறங்கியதும் ஸ்டிக்கைத் துடைத்துப் பார்க்க வேண்டும் என்று வண்டியோடு தருகிற புத்தகத்திலேயே போட்டிருக்கிறது. அவர் புத்தகம் படிக்கிற ரகமில்லை.

அடுத்து ஆக்சிலேட்டரை முறுக்குவார். புகை வராவிட்டால், "வெயில்ல தெரியாது". வந்துவிட்டால் இன்னும் வசதி. ஸ்டார்ட் செய்ததும் குப்பென்று நீலப்புகை வந்து ஓய்ந்தால் பெரும்பாலும் வால்வு சீல். முறுக்கும்போதெல்லாம் வந்தால் ரிங். பனிக்காலக் காலையில் வெள்ளையாக வந்து மறைந்தால் வெறும் நீராவி. அவருக்கு எல்லாமே ரிங்.

அவருடைய முழுத்திறமையும் வெளிப்படுவது பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட்டில்தான். அதைச் சில நாள் ஓட்டாமல் நிறுத்தினால், ஆயில் பம்பு வழியே கசிந்து கிராங்க் பக்கம் இறங்கிவிடும், ஸ்டிக்கில் காணாது. கொஞ்சம் ஓடவிட்டால் தானே திரும்பும். அதற்குள் இவர் பேச்சைக் கேட்டு அரை லிட்டர் ஊற்றியிருப்பார்கள். மிஞ்சிய ஆயிலை வண்டி பிரீதர் குழாய் வழியே செயின்மேல் கக்கும். "பார்த்தியா, லீக்கும் இருக்கு!"

மெக்கானிக் பையன் இதற்கெல்லாம் வாயே திறக்கமாட்டான். இன்ஜினை டீசல் போட்டுக் கழுவித் துடைத்து, முகப்பவுடரைத் தூவி, ஒரு ரவுண்டு போய்வரச் சொல்வான். பவுடரில் ஈரம் எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் கசிவு. டிரெயின் நட் வாஷராக இருக்கும், இல்லையென்றால் கியர் ஷாஃப்ட் ஆயில் சீலாக இருக்கும். சில்லறைச் செலவோடு முடிந்துவிடும்.

அவர் அசருவாரா? "இப்ப சீல் போயிருக்கு, அடுத்து ரிங் போகும், பார்த்துக்கிட்டே இரு." எந்த இன்ஜினுக்கும் என்றைக்காவது ரிங் தேயத்தான் போகிறது என்பதால் இந்த ஜோசியம் பொய்த்ததே இல்லை.

ஆகவே அவரைப் பகைத்துக்கொள்ள வேண்டாம். டீ வாங்கிக் கொடுங்கள், சொல்வதையெல்லாம் தலையாட்டிக் கேளுங்கள். ஸ்டிக்கை மட்டும் கையில் கொடுத்துவிடாதீர்கள்.