தொப்பை சாட்சி சொல்லுமா?

கேள்வி: உண்மைக் குற்றக் கதைகளில் கொலைகாரன் குண்டாக இருந்தால், அவன் உடம்பைப் பற்றிய வர்ணனை தவறாமல் வந்துவிடுகிறதே, ஏன்?

பதில்: தொப்பையைக் கூண்டில் ஏற்றிவிட்டால் மனத்தை விசாரிக்கும் வேலை மிச்சமாகிறது, அதனால்தான்! இத்தாலிய மருத்துவர் சேசரே லொம்ப்ரோசோ 1876-இல் வெளியிட்ட நூலில், தாடையையும் காதையும் கை நீளத்தையும் வைத்துக் குற்றவாளியை அடையாளம் காணலாம் என்றார். அறிவியல் அவரைக் கைகழுவிவிட்டது. பேனாக்கள் இன்னும் இஞ்ச் டேப்பைக் கீழே வைக்கவில்லை.

33 கொலைகளுக்காக 1980-இல் தண்டிக்கப்பட்ட அமெரிக்கர் ஜான் வெய்ன் கேசியின் பருத்த உடல், அவன் கொடூரத்துக்கே விளக்கம்போல எழுதப்படுகிறது. இன்னொரு கொலைகாரன் டெட் பண்டி ஒல்லி, அழகன். அவன் கொன்றால் மட்டும் 'புதிர்'! சியாட்டிலில் நெருக்கடி உதவித் தொலைபேசி மையத்தில் பண்டியின் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவர் ஆன் ரூல். முன்னாள் போலீஸ்காரரான அவருக்கே அன்று சந்தேகம் தட்டவில்லை.

ட்ரூமன் கபோட்டியைக் கொஞ்சம் பாராட்டலாம். 1959 கான்சாஸ் கொலைகளைப் பற்றிய தம் நூலில், கொலையாளி பெர்ரி ஸ்மித்தின் அகன்ற மார்பையும் குட்டைக் கால்களையும் விடாமல் வர்ணித்தாலும், கால்களைச் சிதைத்த மோட்டார் சைக்கிள் விபத்தையும் சொல்கிறார். கபோட்டியும் குள்ளமானவர்தான், அந்த உடம்பை அவரால் உள்ளிருந்து பார்க்க முடிந்தது.

சாட்சி அடையாளம் காட்ட உதவினால் எடையை எழுதட்டும். மற்றபடி வேண்டாம்; அந்தப் பக்கத்தைப் படிக்கும் வாசகரும் பருமனானவராக இருக்கலாம். அவர் யாரையும் கொன்றதில்லை.